எந்த ராசியில் அதிகம் பேர் பிறக்கிறார்கள்? பிறப்புக் கணக்கை வைத்து எண்ணிப் பார்த்த பதிவு

இணையத்தில் பல ஆண்டுகளாக ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் விருச்சிகக்காரர்கள்தான் அதிகம், 9.6 சதவீதம். கும்பம்தான் மிகக் குறைவு, 6.3 சதவீதம். பார்ப்பதற்கு நம்பத் தகுந்ததாக இருக்கிறது, தசமப் புள்ளியெல்லாம் வேறு போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு சின்னக் கணக்கிலேயே அது ஆட்டம் கண்டுவிடுகிறது. சூரியன் கும்பத்தில் ஏறக்குறைய முப்பது நாள் நிற்கிறது. ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் குழந்தைகள் பிறந்தாலே கும்பத்துக்கு 8.1 சதவீதம் கிடைக்க வேண்டும். அது 6.3 ஆக வேண்டுமென்றால், அந்த முப்பது நாளும் நாளொன்றுக்குப் பிறப்பு எண்ணிக்கை சராசரியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் மாதவாரிப் பிறப்புக் கணக்கில் அப்படியொரு பள்ளம் எந்த மாதத்திலும் இல்லை. மிக மந்தமான மாதம்கூட சராசரியிலிருந்து ஐந்து சதவீதத்துக்குள்தான் இறங்குகிறது.

சரியான எண் என்ன என்று நானே எண்ணிப் பார்க்க முடிவு செய்தேன். அதற்கு வேண்டியது ஒரு எக்செல் தாள், நாள்வாரிப் பிறப்புக் கணக்கு, சூரியன் எந்த நாளில் எங்கே இருந்தது என்று சொல்லும் ஒரு சூத்திரம், அவ்வளவுதான். யாரும் வீட்டில் உட்கார்ந்து செய்யலாம் என்பதால் செய்முறையை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் எந்த ராசியை எண்ணுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஜாதகத்தில் ஒருவரின் ராசி என்று சொல்வது சந்திரன் நிற்கும் இடம். மேற்கத்திய இதழ்களில் பிறந்த தேதியை வைத்துச் சொல்வது சூரியன் நிற்கும் இடம். பருவகாலத்தோடு நேரடித் தொடர்பு சூரியனுக்குத்தான் இருக்கிறது. அதனால் பெரும்பகுதி சூரியன் கணக்கு. சந்திரனையும் பின்னால் ஒரு கை பார்த்தேன். அதில் வந்த விடை சூரியன் விடையைவிட எனக்குப் பிடித்திருந்தது.

தரவு

நாள்வாரியாக, பல ஆண்டுகளுக்கு, யாரும் எடுத்துப் பயன்படுத்தும் வடிவில் கிடைப்பது அமெரிக்கக் கணக்கு. ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற செய்தித் தளம் (2025-இல் மூடப்பட்டுவிட்டது) எக்செல்லில் திறக்கக்கூடிய இரண்டு சிஎஸ்வி கோப்புகளைக் கிட்ஹப் என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தில் போட்டு வைத்தது. ஒன்று 1994 முதல் 2003 வரை, தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையத்தின் எண்கள். இன்னொன்று 2000 முதல் 2014 வரை, சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் எண்கள். ஒவ்வொரு வரியிலும் ஐந்தே ஐந்து விவரம்: ஆண்டு, மாதம், தேதி, கிழமை, பிறப்பு. கிழமைக்குத் திங்கள் என்றால் 1, ஞாயிறு என்றால் 7.

கோப்பைத் திறந்ததும் முதல் சில வரிகளை நிதானமாகப் படியுங்கள். இரண்டாவது கோப்பின் முதல் வரி 2000 ஜனவரி 1, சனிக்கிழமை, 9,083 பிறப்பு. மறுநாள் ஞாயிறு, 8,006. திங்கள் 11,363. செவ்வாய் 13,032. நான்கே வரியில் முழுக் கதையும் இருக்கிறது. கருவுக்குக் கிழமை தெரியாது, ஆனால் மருத்துவமனைக்குத் தெரியும். நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சையும், மருந்து கொடுத்து வலி வரவைப்பதும் வேலைநாட்களில் நடக்கின்றன. இந்தக் கோப்பு முழுவதும் சராசரி எடுத்தால் செவ்வாயில் சுமார் 13,000 பிறப்பு, ஞாயிறில் சுமார் 7,500. இந்த மேடுபள்ளம் பருவகாலத்தால் வரும் எந்த ஏற்றத்தையும்விடப் பல மடங்கு பெரியது. ராசிக் கணக்குக்குள் இது எப்படி நுழைகிறது என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டு கோப்புகளும் 2000 முதல் 2003 வரை மேற்படிகின்றன. ஒரே நாளுக்கு இரண்டிலும் ஒரே எண் வராது. சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் எண் சற்றே அதிகமாக இருக்கும். ஒட்டும்போது 1999 வரை முதல் கோப்பிலிருந்தும், 2000 முதல் இரண்டாவதிலிருந்தும் எடுத்தேன். பிறகு ஒவ்வொரு நாளின் பிறப்பையும் அந்தந்த ஆண்டின் நாள் சராசரியால் வகுத்துவிட்டேன். இப்படிச் செய்தால் மூல எண்களின் வேறுபாடும் போய்விடும், ஆண்டுக்கு ஆண்டு மொத்தப் பிறப்பு ஏறி இறங்குவதும் போய்விடும். 2007-இல் அமெரிக்கப் பிறப்பு 43 லட்சத்தைத் தாண்டி உச்சம் தொட்டது, பிறகு இறங்கியது. அந்த ஆண்டுக் குழந்தைகளுக்கு மட்டும் கூடுதல் எடை போய்ச் சேருவதில் நமக்கு ஒரு பயனும் இல்லை. ஒட்டி முடித்ததும் 21 ஆண்டுகள், 7,670 வரிகள் இருக்க வேண்டும். அதில் பிப்ரவரி 29 ஐந்து முறை வரும். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராசி எல்லையைத் தேதியால் பிரிக்கக் கூடாது

எளிய வழி, இதழ்களில் வரும் தேதிப் பட்டியலை எடுத்து, ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 22 வரை சிம்மம் என்று போட்டுவிடுவது. ஓரளவுக்கு வேலை செய்யும். ஆனால் சூரியன் ஒரு ராசிக்குள் நுழையும் நேரம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் தள்ளிப் போகிறது. மிகுநாளாண்டு (லீப் ஆண்டு) வந்ததும் பின்னால் இழுத்துக்கொள்கிறது. எல்லை நாளில் பிறந்தவர்களில் பாதிப் பேர் சில ஆண்டுகளில் பக்கத்து ராசிக்குப் போய்விடுவார்கள். நாம் தேடும் வேறுபாடே ஒரு நாளின் பின்னங்களில்தான் இருக்கிறது என்பதால், சூரியனின் இடத்தையே கணக்கிட்டுவிடுவது நல்லது.

அதற்கான எளிய சூத்திரம் இது. 2000 ஜனவரி 1 நண்பகலிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதை 0.9856474-ஆல் பெருக்கி 280.46 கூட்டினால் சூரியனின் சராசரி இடம். அதே நாள் எண்ணை 0.9856003-ஆல் பெருக்கி 357.528 கூட்டினால் இன்னொரு கோணம் கிடைக்கும். அந்தக் கோணத்தின் சைனை 1.915-ஆல் பெருக்கி, அதன் இருமடங்குக் கோணத்தின் சைனை 0.020-ஆல் பெருக்கி, இரண்டையும் சராசரி இடத்தோடு கூட்டினால் சூரியனின் உண்மையான இடம். 360-ஆல் வகுத்து மீதி எடுத்து, அதை 30-ஆல் வகுத்தால் ராசி. எக்செல் கோணத்தை ரேடியனில் கேட்கும், மாற்றிக் கொடுக்க வேண்டும். எக்செல் தேதியை உள்ளுக்குள் ஒரு எண்ணாகத்தான் வைத்திருக்கிறது, 2000 ஜனவரி 1 என்பது 36526. ஆகவே தேதியிலிருந்து 36526 கழித்தால் அந்த நாள் நண்பகலுக்கான எண் வந்துவிடும். இது உலக நேரத்துக்கு. அமெரிக்காவின் நடுப்பகுதி ஆறு மணி நேரம் பின்தங்கியிருப்பதால் 0.25 கூட்டிக்கொண்டேன்.

சூத்திரம் சரியாக ஏறியிருக்கிறதா என்று சோதிக்க ஒரு நாள்: 2000 மார்ச் 20, உலக நேரம் காலை 7.35. அன்று அந்த நேரத்தில் சூரியன் சம இரவுப் புள்ளியில், அதாவது பகலும் இரவும் சமமாகும் இடத்தில் இருந்தது. நாள் எண்ணாக 78.816 கொடுத்தால் விடை 360-க்கு நூறில் ஒரு பாகைக்குள் வர வேண்டும். வந்தது. நூறில் ஒரு பாகை என்பது கால் மணி நேரம். இந்த வேலைக்கு அது தாராளம்.

எல்லை நாட்களுக்கு, நாளின் தொடக்கத்திலும் முடிவிலும் சூரியன் இருந்த இடத்தைக் கணக்கிட்டு, பிறப்பை அந்த விகிதத்தில் இரு ராசிகளுக்கும் பிரித்தேன். ஆண்டுக்குப் பன்னிரண்டு நாட்களுக்குத்தான் இது தேவைப்படும்.

வானமே சமமாகப் பங்கு போடுவதில்லை

பிறப்பைச் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு வெற்று ஓட்டம் விட்டேன். எல்லா நாளிலும் பிறப்பு 1 என்று வைத்து ராசிவாரியாகக் கூட்டுவது. இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் நிறையப் பேர். அதனால்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டம் இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் சூரியனுக்கு மிக அருகே வருகிறது, ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவுக்குப் போகிறது. அருகே வரும்போது வேகம் கூடும், தொலைவில் இருக்கும்போது குறையும். கெப்ளர் சொன்ன விதி. இதனால் சூரியன் கடகத்தில் 31.4 நாள் நிற்கிறது, மகரத்தில் 29.4 நாள்தான். சிம்மத்திலும் மிதுனத்திலும் 31.3, கன்னியில் 30.9, கும்பத்திலும் தனுசிலும் 29.6-ஐ ஒட்டி. ஒரு குழந்தைகூட நாள் பார்த்துப் பிறக்காவிட்டாலும், கடகத்துக்கு 8.6 சதவீதமும் மகரத்துக்கு 8.1 சதவீதமும் கிடைக்கும். இரண்டுக்கும் இடையே ஏழு சதவீத அளவு வேறுபாடு, முழுக்க முழுக்க வானத்தின் வேலை.

தமிழ் நாட்காட்டியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் புதிது ஒன்றுமில்லை. ஆனிக்கு 32 நாள் வரும், மார்கழி 29-இல் முடிந்துவிடும். சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலமே மாதம் என்று வைத்ததால், பாதையின் நீள்வட்டம் அப்படியே மாதங்களின் நீளத்தில் பதிந்திருக்கிறது. சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூலின் கணக்கில் ஆனி 31.6 நாள், மார்கழி 29.3 நாள். இன்றைய அளவீட்டைவிட ஏற்ற இறக்கம் சற்றுக் கூடுதல், ஆனால் எந்த மாதம் நீளம், எந்த மாதம் குட்டை என்பதில் தவறே இல்லை. ராசிக்காரர் எண்ணிக்கையை எண்ண உட்காரும் ஒருவருக்கு, பாதி விடை தினசரிக் காலண்டரின் தாளிலேயே இருக்கிறது.

பிறப்பைச் சேர்த்தபோது

கன்னியும் சிம்மமும் முன்னே வந்து நின்றன. இரண்டுமே 9 சதவீதத்தை ஒட்டி. இடையில் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. எந்த ஆண்டுகளை எடுக்கிறோம், எல்லை நாளை எப்படிப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்து இடம் மாறிக்கொள்ளும் அளவுக்குத்தான். இதில் சுவையானது என்னவென்றால், நாளொன்றுக்கு எத்தனை பேர் என்று பார்த்தால் கன்னி தெளிவாக முந்துகிறது. இந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் அதிகம் பேர் பிறந்த தேதிகள் செப்டம்பர் 9, 19, 12. மூன்றும் கன்னிக்குள் வருபவை. ஆனால் சூரியன் சிம்மத்தில் பத்து மணி நேரத்துக்கு நெருக்கமாகக் கூடுதலாக நிற்கிறது. கன்னி நாளுக்கு நாள் சம்பாதித்ததைச் சிம்மம் தங்கும் நேரத்தால் ஈடுகட்டிவிடுகிறது. வெற்று ஓட்டத்தைத் தனியாக விட்டிராவிட்டால் இது கண்ணில் பட்டிருக்காது.

மூன்றாவது கடகம். அதன் பலம் பெரும்பாலும் நீளம்தான். ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தின விடுமுறை, அதற்குள் விழுந்து கொஞ்சம் பிடித்து இழுக்கிறது. கடைசி இடம் மகரத்துக்கு. 8 சதவீதத்தைத் தொடவே இல்லை. பட்டியலில் அடிமட்டத்தில் சொல்லப்பட்ட கும்பம், மகரத்துக்குச் சற்று மேலே, 8-க்குப் பக்கத்தில் இருக்கிறது. முதலிடம் என்று சொல்லப்பட்ட விருச்சிகம் 8-ஐ ஒட்டி, கீழ்ப்பாதியில் கிடக்கிறது. 9.6 எங்கிருந்து வந்தது என்பதற்குத் தரவில் எந்தத் தடயமும் இல்லை.

முதலுக்கும் கடைசிக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. சிம்மத்தையும் மகரத்தையும் எடுத்துக்கொண்டால், அந்த இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சூரியன் தங்கும் கால அளவே காரணம். மிச்சம்தான் மனிதர்கள் செய்வது.

அந்த மிச்சத்தையும் பிரித்துப் பார்க்கலாம். மகரத்தின் பள்ளத்தில் டிசம்பர் 24, 25, ஜனவரி 1 மூன்றும் உட்கார்ந்திருக்கின்றன. பிப்ரவரி 29-ஐ விட்டுவிட்டால், ஆண்டில் மிகக் குறைவான பேர் பிறக்கும் தேதி டிசம்பர் 25, அடுத்தது ஜனவரி 1. விடுமுறை நாளில் யாரும் நாள் குறிப்பதில்லை. இந்த மூன்று நாட்களையும் பக்கத்து நாட்களின் சராசரியால் மாற்றி வைத்து ஓட்டிப் பார்த்தேன். மகரம் கொஞ்சம் ஏறியது, ஆனால் கடைசி இடத்திலிருந்து நகரவில்லை. விடுமுறையைத் தவிர்த்த பிரசவங்களில் ஒரு பகுதி டிசம்பர் 27 முதல் 30 வரை வந்து சேர்கிறது, அதுவும் மகரம்தான். இழந்ததில் ஒரு பகுதி அதே பைக்குள் திரும்பி வருகிறது. ஜனவரி மாதமே அமெரிக்காவில் மந்தமான மாதம் என்பதுதான் அடிப்படைக் காரணம்.

இப்போது கிழமைக்கு வருகிறேன். 21 ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒவ்வொரு ராசிக்கும் ஏழு கிழமைகளும் ஏறக்குறையச் சமமாகக் கிடைத்துவிடுகின்றன. கவலையில்லை. ஒரே ஒரு ஆண்டை எடுத்துச் செய்கிறவர்கள்தான் பார்த்துச் செய்ய வேண்டும். முப்பது நாள் என்பது நான்கு வாரமும் இரண்டு நாளும். அந்த இரண்டு நாள் சனி, ஞாயிறாக அமைந்தால் ஒரு கணக்கு. செவ்வாய், புதனாக அமைந்தால் வேறு கணக்கு. இரண்டுக்கும் சுமார் பத்தாயிரம் பிறப்பு வேறுபடும். ஒரு ராசிக்கு ஆண்டில் கிடைப்பது மூன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதாவது மூன்று சதவீதம் வெறும் கிழமையால் ஆடுகிறது. நீள்வட்டப் பாதை ஒரு ராசியைச் சராசரியிலிருந்து ஏற்றி இறக்குவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஓராண்டுத் தரவை வைத்து எந்த ராசி முதலிடம் என்று சொல்வது, கிழமையைப் பார்த்து ஆரூடம் சொல்வதாகத்தான் முடியும். ஓராண்டுதான் கையில் இருக்கிறது என்றால், ஒவ்வொரு நாளையும் அந்தக் கிழமையின் சராசரியால் வகுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இந்த வரிசை எல்லா நாட்டுக்கும் பொருந்துமா

பொருந்தாது. இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். உலகத்தில் அதிகம் பேருக்கு எந்த ராசி என்ற கேள்விக்கு, எந்த நாட்டில் என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்லவே முடியாது.

இங்கிலாந்து, வேல்ஸின் 1995 முதல் 2014 வரையிலான கணக்கில் அதிகம் பேர் பிறந்த தேதி செப்டம்பர் 26. கிறிஸ்துமஸிலிருந்து 39 வாரமும் சில நாளும். அங்கே மேடு செப்டம்பர் கடைசிக்கு நகர்ந்துவிட்டதால், அதன் பலன் துலாத்துக்கும் போய்ச் சேர்கிறது. ஸ்வீடனில் நெடுங்காலமாக வசந்த காலத்தில்தான் அதிகப் பிறப்பு, அங்கே மேஷம், ரிஷபம் பக்கம் எடை கூடும். 2014-இல் வெளியான ஓர் ஆய்வு வட அரைக்கோளத்தின் பிறப்புத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து, வடக்கே போகப் போகப் பிறப்பின் உச்சம் ஆண்டில் முன்னதாக வருகிறது என்று காட்டியது. அமெரிக்காவுக்குள்ளேயே வட மாநிலங்களில் கோடையின் தொடக்கத்திலும், தென் மாநிலங்களில் இலையுதிர் காலத்திலும் உச்சம் வருகிறது. நாம் பார்த்த கன்னி, சிம்மம் எல்லாம் இந்த இரண்டையும் கலக்கிய சராசரி.

காரணம் ஒன்றல்ல. கடும் வெப்ப நாட்களுக்குப் பிறகு எட்டு முதல் பத்து மாதம் கழித்துப் பிறப்பு குறைவது அமெரிக்கத் தரவில் தெரிகிறது. பகல் நீளம், விடுமுறைக் காலம், திருமணங்கள் கூடும் மாதங்கள், அறுவடைக்குப் பின் வரும் ஓய்வு என்று ஒவ்வோர் ஊரிலும் வேறு வேறு கலவை.

சில சமயம் நம்பிக்கையே எண்ணிக்கையை மாற்றிவிடுகிறது. சீனா, ஜப்பானின் அறுபதாண்டுச் சுழற்சியில் நெருப்புக் குதிரை ஆண்டு என்று ஒன்று வரும். அந்த ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாது என்பது ஜப்பானில் பழைய நம்பிக்கை. 1965-இல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த ஜப்பானின் பிறப்பு, 1966-இல் 13.6 லட்சமாக விழுந்தது. ஒரே ஆண்டில் நான்கில் ஒரு பங்கு. மறு ஆண்டே மீண்டும் ஏறியது. வானத்தால் சில சதவீதம் மாறுகிறது, பருவத்தால் சில சதவீதம் மாறுகிறது. மனிதர்கள் வானத்தைப் பற்றி நம்பியதால் இருபத்தைந்து சதவீதம் மாறியது. கிழமையின் மேடுபள்ளத்தை விட்டுவிட்டால், இந்தப் பதிவில் உள்ள மாற்றங்களிலேயே பெரியது அதுதான். அதைப் படிக்கும்போது, பிறக்காமல் போன பெண் குழந்தைகளை நினைத்து மனம் கனக்கிறது.

நிராயணத்துக்கு மாற்றினால்

இதுவரை எண்ணியது சாயன முறை, சம இரவுப் புள்ளியில் மேஷம் தொடங்குவது. நம் பஞ்சாங்கம் நிராயணம், நட்சத்திரங்களை வைத்து மேஷத்தைத் தொடங்குவது. இரண்டுக்கும் இடையே இப்போது 24 பாகை அயனாம்சம். எக்செல்லில் ஒரே ஒரு மாற்றம்தான், சூரியனின் இடத்திலிருந்து 24 கழிக்க வேண்டும். ராசி எல்லைகள் மூன்று வாரத்துக்கு மேல் தள்ளிப்போகின்றன.

அதே பிறப்பு, அதே குழந்தைகள், வேறு வரிசை. செப்டம்பர் நடுவில் இருந்த மேடு இரண்டாகப் பிளந்து, பாதி சிம்மத்துக்கும் பாதி கன்னிக்கும் போகிறது. கடகமும் சிம்மமும் முன்னே வருகின்றன, நம் மாதக் கணக்கில் ஆடியும் ஆவணியும். கன்னி முதல் வரிசையிலிருந்து இறங்கிவிடுகிறது. கடைசி இடம் மகரத்திடமிருந்து தனுசுக்கு மாறுகிறது. தனுசு என்றால் மார்கழி. ஆண்டின் குட்டையான மாதமும் அதுவே, கிறிஸ்துமஸும் புத்தாண்டும் விழுவதும் அதற்குள்ளேதான்.

சந்திரன்

சந்திரன் ஒரு ராசியில் இரண்டேகால் நாள் நிற்கிறது. 27.3 நாளில் பன்னிரண்டையும் சுற்றிவிடுகிறது. செப்டம்பரில் பிறப்பு கூடினாலும் அந்த மாதத்துக்குள் எல்லா ராசியிலும் சந்திரன் இருந்துவிட்டுப் போய்விடும். ஆகவே பருவத்தின் தாக்கம் கரைந்துவிட வேண்டும் என்று எதிர்பார்த்தேன். கரைந்துவிட்டது. ஆனால் ஓராண்டுத் தரவை மட்டும் எடுத்தால், சூரியனைவிட அதிக ஏற்றத்தாழ்வு தெரிகிறது.

காரணம், சந்திரனின் பாதை பூமியின் பாதையைவிட அதிகமாக நீண்ட வட்டம். சந்திரனின் சராசரி இடத்துக்குச் செய்ய வேண்டிய முதல் திருத்தமே 6.29 பாகை. சூரியனுக்கு அது 1.915 மட்டுமே. பூமியிலிருந்து தொலைவில் இருக்கும் பகுதியில் சந்திரன் மெதுவாக நகர்கிறது, அங்கே இருக்கும் ராசியில் அதிக நேரம் தங்குகிறது. ஓர் ஆண்டில் ஒரு ராசிக்குச் சராசரியைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகவும், எதிர் ராசிக்கு அதே அளவு குறைவாகவும் கிடைக்கலாம். ஆனால் அந்தத் தொலைப்புள்ளியே நகர்ந்துகொண்டிருக்கிறது, 8.85 ஆண்டில் ஒரு முழுச் சுற்று. ஒரு வகுப்பில் படிக்கும் பிள்ளைகளிடையே ஒரு ஜன்ம ராசி சற்றுத் தூக்கலாக இருக்கலாம். நான்கைந்து ஆண்டு இளைய வகுப்பில் அதற்கு நேர் எதிர் ராசி தூக்கலாக இருக்கும்.

இதைச் சமன் செய்ய 21 ஆண்டுகளையும் எடுக்கக் கூடாது, இரண்டு சுற்றுக்கு மேல் ஒரு துண்டு தொங்கி நிற்கும். 18 ஆண்டுகளை எடுத்தால் ஏறக்குறைய இரண்டு முழுச் சுற்று. அப்படி எடுத்தபோது பன்னிரண்டு ராசிகளும் 8.33-ஐச் சுற்றி மிக நெருக்கமாக நின்றன. எந்த நாட்டில் எந்தப் பருவத்தில் பிறப்பு கூடினாலும் ஜன்ம ராசிகள் நீண்ட கால ஓட்டத்தில் கிட்டத்தட்டச் சமமாகவே பங்கிடப்படும். சூரியனை வைத்துப் பார்க்கும் முறைக்கு இந்தக் குணம் கிடையாது.

லக்னத்தையும், அதாவது பிறக்கும் நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசியையும், எண்ண ஆசைதான். ஆனால் இந்தக் கோப்புகளில் பிறந்த நேரம் இல்லை. நேரம் இருந்தால் நல்ல வேலை காத்திருக்கிறது. அமெரிக்காவில் காலை 8 மணியையும் நண்பகலையும் ஒட்டித்தான் அதிகப் பிறப்பு. காலை எட்டுக்குப் பிறக்கும் குழந்தையின் லக்னம், சூரியன் நிற்கும் ராசியிலிருந்து ஒன்றிரண்டு கட்டம் தள்ளி வரும். மருத்துவமனையின் வேலை நேரமும் பருவகாலமும் சேர்ந்து லக்னத்துக்குள் நுழைந்துவிடும்.

சொந்தத் தரவில் செய்து பார்க்கிறவர்களுக்கு

அலுவலகம், சங்கம், கல்லூரி என்று ஒரு ஐந்நூறு பேரின் பிறந்த தேதியை வைத்துச் செய்து பார்க்கத் தோன்றும். செய்யுங்கள், ஆனால் முதலில் அதே தாளில் ஐந்நூறு பேருக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் எக்செல்லையே ராசி தரச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு ராசிக்கும் 42 பேர் வர வேண்டும். எஃப்9 பொத்தானை அழுத்த அழுத்த எண்கள் மாறும். 30-க்கும் 54-க்கும் இடையே எது வந்தாலும் அது வெறும் தற்செயல். பன்னிரண்டு ராசி இருப்பதால், முதலிடம் பிடிக்கும் ராசியில் 50-க்கு மேல் இருப்பது சாதாரணம். 9 சதவீதத்தையும் 8.33 சதவீதத்தையும் பிரித்தறிய ஏழாயிரம் பேராவது வேண்டும்.

விளையாட்டு வீரர்கள், அதிகாரிகள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட கூட்டமானால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கனடாவின் பனி ஹாக்கி வீரர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிக அதிகம் என்று 1985-இல் ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். சிறுவர் அணிகளுக்கு வயது வரம்பு ஜனவரி 1. ஜனவரியில் பிறந்த பையன் அதே அணியின் டிசம்பர் பையனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன், உடலும் பெரியது, பயிற்சியாளரின் கண்ணில் முதலில் படுகிறான். ராசிவாரியாக எண்ணினால் மகரமும் கும்பமும் ஹாக்கிக்கு உகந்த ராசிகள் என்று விடை வரும். பொதுப் பிறப்பில் மகரம் கடைசி என்பதையும் சேர்த்தால் அது இன்னும் பெரிய அதிசயமாகத் தெரியும். வரம்புத் தேதியைச் செப்டம்பர் 1-க்கு மாற்றினால் அந்த அதிசயம் கன்னிக்கும் துலாத்துக்கும் குடிபெயர்ந்துவிடும்.

கடைசியாக, ஜனவரி 1-ஐத் தனியாகப் பாருங்கள். பிறந்தவுடன் பதியப்பட்ட கணக்கில் அது ஆண்டின் மிகக் குறைவான நாட்களில் ஒன்று. ஆனால் விண்ணப்பப் படிவங்களிலிருந்தும் உறுப்பினர் பட்டியல்களிலிருந்தும் எடுத்த தேதிகளில் அதுவே உச்சமாக நிற்பதுண்டு. பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு அந்தத் தேதியைப் போட்டுவிடுவார்கள், பல இணையப் படிவங்களும் அதைத்தான் முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கும். உங்கள் தரவில் ஜனவரி 1-இல் சராசரியைவிடப் பல மடங்கு பேர் இருந்தால், அந்த வரிகளை எடுத்துவிட்டு மறுபடி கூட்டுங்கள். மாதத்தின் முதல் தேதிகளையும் பதினைந்தாம் தேதிகளையும் அப்படியே ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.